தவம் அண்ணைக்கு நான் போடாத வோட்டு

1. மேரி அக்காவின் போன்

எங்கள் பகுதி மேயர் பதவிக்குக் கட்சி யாரை நிறுத்துவது என்று உறுப்பினர்கள் வாக்களித்த வாரம் அது. போட்டியில் இரண்டு கவுன்சிலர்கள். ஒருவர் தவம் அண்ணை. மற்றவர் ஹெலன். நான் லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் கட்சி அலுவலகத்தில் தவம் அண்ணையின் கேஸ்வேர்க் பார்த்தேன். வீடு, பெனிபிட் என்ற அரச உதவிப்பணம் என்று சனங்கள் கொண்டுவரும் பிரச்சினைகளுக்கு அவர் பெயரில் கடிதம் எழுதுவதுதான் வேலை.

காலையில் மேரி அக்கா போன் எடுத்தார். மன்னார்க்காரர், பழைய உறுப்பினர்.

"பிள்ளை, ஆருக்குப் போடுறது? தவத்தார் என்ர வாடகை வீட்டுக்காரனுக்கு எழுதின கடிதத்தை இன்னும் பத்திரமா வச்சிருக்கிறன். அப்பிடி ஒரு மனுசன்!"

அந்தக் கடிதம் நான் எழுதியது. தவம் அண்ணை வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.

"அது உங்கட வோட்டு அக்கா, நான் சொல்ல ஏலாது" என்று போனை வைத்தேன். அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை.

2. ஹெலனின் கடிதம்

பெட்ரோல் ஷெட்டில் ஆறு வருடம் கல்லாவில் நின்ற என்னை அலுவலக வேலைக்கு எடுத்தவர் தவம் அண்ணை. கூட்டத்தில் அவரைப்போலப் பேச ஆளில்லை. வென்றால் எங்கள் தமிழ் ஆள் ஒருவர் மேயர் ஆவார். ஆனால் நான் பார்த்த பதினொரு வருடத்தில் பிரச்சினை சொன்ன ஒரு வீட்டுக்கும் அவர் நேரே போனதில்லை.

ஹெலன் ஒருமுறை ஒரு குடும்பத்துக்காகத் தான் எழுதிய கடிதமொன்றைத் திருத்தித் தரச்சொல்லி வந்திருந்தார். நிறைய எழுத்துப்பிழை. ஆனால் பூஞ்சணம் பிடித்த சுவரோடு குழந்தையின் தொட்டில் கிடந்ததும், அதை நகர்த்த அறையில் இடமில்லாததும் அதில் இருந்தன. போய்ப் பார்த்தவரால்தான் அப்படி எழுத முடியும்.

3. சொன்னது

வோட்டுப் போடுவதற்கு முன் அவரிடமே சொல்லிவிட நினைத்தேன். அவருடைய அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

"அண்ணை, நான் ஹெலனுக்குத்தான் போடப்போறன்."

கையிலிருந்த பேனையை மேசையில் வைத்தார்.

"ஏன் வாசுகி? நான் உமக்கு என்ன குறை வச்சனான்?"

"எனக்கு ஒரு குறையும் வைக்கேல்லை. நீங்கள் ஒரு வீட்டுக்கும் போறேல்லை அண்ணை."

"இவ்வளவு வருசமும் இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

கதவைத் திறந்துகொண்டு என் மேசைக்குத் திரும்பினேன்.

கட்சி வாக்கெடுப்பில் ஹெலன் கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில் வென்றார். தவம் அண்ணை என்னை வேலையால் நிற்பாட்டவில்லை. இரண்டு மாதம் வேலைக்கு வெளியே ஒரு வார்த்தை பேசவுமில்லை. பிறகு அடுத்த கவுன்சிலர் தேர்தலில் நிற்காமல் ஒதுங்கிக்கொண்டார்.

4. கற்றது

என் வோட்டைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. வருத்தமெல்லாம் அவருடைய கேள்வியைப் பற்றியது. நல்ல கடிதமாக எழுதி எழுதி அவருடைய குறையை மேரி அக்காவிடமிருந்து மட்டுமல்ல, அவரிடமிருந்தும் மறைத்தவள் நான். முதல் வருடமே சொல்லியிருந்தால் அவர் கேட்டிருப்பாரோ தெரியாது. சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

அவருடைய இடத்துக்கு அபிராமி என்ற இளம் பெண் கவுன்சிலராக வந்தார். முதல் நாளே சொன்னேன்:

"கடிதம் நான் எழுதித் தருவன். ஆனா வீட்டைப் போய்ப் பாத்திட்டு வந்து நீங்கள் சொல்லவேணும். பாக்காத வீட்டுக்கு நான் எழுதமாட்டன்."

அவர் முகம் ஒரு கணம் இறுகியது. பிறகு கைப்பையிலிருந்து டயரியை எடுத்தார்.

"ஓகே அக்கா. முதல்ல எந்த வீடு?"