துறைக் குதிரில் முப்பத்தொரு பேர்

அளவுகாரன் வேலையில் ஒரே ஒரு சௌகரியம் உண்டு: என்னைத் திட்ட வந்தவர்கூடப் படி நிரம்பும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பார்.

பழவேற்காட்டுத் துறையில் இருபத்தாறு வருஷம் அந்த வேலை பார்த்தேன். கப்பல்கள் தூரத்து ஆழத்தில் நிற்கும். துணி மூட்டைகளை அங்கே கொண்டுபோக, மற்ற சரக்கைக் கரைக்குக் கொண்டுவர, எங்கள் ஆட்கள் சலங்குப் படகில் தண்டு வலிப்பார்கள். முகத்துவாரத்து அலையில் வருஷத்துக்கு ஒருவராவது போய்விடுவார். அப்படிப் போனவர்களின் மனைவிகளுக்கும், தண்டு வலிக்கத் தெம்பில்லாத கிழவர்களுக்கும் துறைக் குதிரிலிருந்து மாதம் எட்டுப் படி அரிசி உண்டு. அதை அளந்து போடுகிறவன் நான். கோட்டையில் டச்சுக்கார ஒலாந்தர் கொடி பறந்தாலும் கோட்டைக்கும் குதிருக்கும் சம்பந்தமில்லை. துறைக்காரர்கள் தங்களுக்காகத் தாங்களே கட்டிக்கொண்ட குதிர் அது.

நான் கூச்ச சுபாவி. மணலில் எழுதி இரண்டு வருஷம் படித்தவன். எழுத்து சுமார்தான், எண்ணிக்கை மட்டும் தப்பாது. எங்கேயாவது ஒரு வரிசையில் கால் கடுக்க நின்று, தம் முறை வரும்போது “அடுத்த மாசம் வா” என்று கேட்டுத் திரும்பியவர்களுக்கு என் வேலையைப் பற்றி இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

உள்ளே பிடி, வெளியே படி

ஒவ்வொரு நடைக்கும் கூலி அரிசியாகத்தான் கொடுப்பார்கள். வாங்கியதும் ஒவ்வொரு தண்டுக்காரரும் அதில் ஒரு பிடி அள்ளிக் குதிரின் மேல்வாயில் போட வேண்டும். இதுதான் துறைக் கட்டுப்பாடு. எவ்வளவு பெரிய பிடி என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. உள்ளே போவது பிடி, அடிவாயில் வெளியே வருவது படி. குதிர் கட்டிய பெரியவர்கள் மற்ற எல்லாவற்றையும் யோசித்தார்கள், இதைத் தவிர.

நான் வேலைக்கு வந்த புதிதில் இருபத்திரண்டு பிடிக்கு ஒரு படி நிறைந்தது. உட்கார்ந்து எண்ணியிருக்கிறேன். கடைசி வருஷங்களில் அதே படிக்கு இருபத்தொன்பது பிடி வேண்டியிருந்தது. ஆட்களின் கை சிறுக்கவில்லை, விரல்கள் நெருங்கிவிட்டன. தேசப்பன் என்று ஒரு வாலிபன். அரிசிக்குள் கை போகும்போதே முஷ்டியாகத்தான் போகும். ஒருநாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே, “கொஞ்சம் விரிச்சு அள்ளு, தம்பி” என்றேன். அவனுக்குக் கோபமே வரவில்லை. என் தோளில் கை வைத்துக் கேட்டான்: “நாங்க கெழவனாவும்போது இந்தக் குதிருல இன்னா நைனா இருக்கும், எலிப்புழுக்கையா?”

கை தூக்கியவர்கள்

கப்பல்களில் பாதிக்கு மேல் நாகப்பட்டினம் பக்கம் போகத் தொடங்கின. வயசுப் பையன்களும் பின்னாலேயே போனார்கள். ஆனால் குதிர் அரிசி வாங்குவோர் பெயர் எழுதிய என் ஓலையில் இருந்த முப்பத்தொரு பேரும் எங்கேயும் போகவில்லை. முப்பத்தொன்றை எட்டால் பெருக்கினால் இருநூற்று நாற்பத்தெட்டுப் படி. குதிரில் மாதம் இருநூறு விழுவதே அபூர்வமாகிவிட்டது. இதை நான் மரைக்காயரிடம் சொன்னேன். அரிசி வியாபாரி, குதிரின் அடிவாய்ச் சாவி அவர் வீட்டில்தான் இருந்தது. அவர் தம் கிடங்கில் கூட்டம் போட்டார். பேசத் தெரியாத என்னை எழுப்பிக் கணக்கைச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பிடிக்குப் பதிலாக ஆளுக்கு அரை ஆழாக்கு, அதாவது படியில் பதினாறில் ஒரு பங்கு, அளந்து போடலாம் என்றும் சொன்னேன். அரை ஆழாக்கு என்ற சொல்லைக் கேட்டதும் பாதிப் பேர் எழுந்து வேட்டியை உதறினார்கள்.

கடைசியில் வேறொன்று முடிவாயிற்று: இனி ஓலையில் இரண்டு பேர் செத்தால்தான் புதிதாக ஒருவர் பெயர் ஏறும். இதற்கு யாருக்கும் ஆட்சேபம் இல்லை. செத்தவர்களின் மனைவிகள் அன்று கூட்டத்துக்கு வரவில்லை; இனிமேல் சாகப்போகிறவர்கள் வந்திருந்தார்கள், ஆனால் அது அவர்களுக்குத் தெரியாது. சம்மதம் என்று கை தூக்கியவர்களில் தண்டுக்காரன் எல்லப்பனும் ஒருவன். அவனுக்குப் பெரிய கை. கூட்டத்தில் தனியாகத் தெரிந்தது. வெளியே வரும்போது தண்டல் ஒருவர், ஒரு படகின் தலைவர், என் காதருகே சொன்னார்: “கப்பலுதான் போச்சு, போவும்போது இந்தக் கெழவிங்களையும் ஏத்திக்கினு போயிருந்தா உனக்கும் எண்ணுற வேலை மிச்சம்.”

தின்றது யார்

கூட்டம் நடந்த பதினோராம் நாள் எல்லப்பன் போன சலங்கு முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்தி வந்தார்கள். அவன் வரவில்லை.

அவன் மனைவி அஞ்சலை, ஐந்து வயதுப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு, அமாவாசைக்கு மறுநாள் அளவு வரிசையில் வந்து நின்றாள். புதுக் கட்டுப்பாட்டைச் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும், அடிவாய்ச் சாவியோடு பக்கத்தில் நின்ற மரைக்காயரைப் பார்த்து, “அவரு போட்டதையாச்சும் திருப்பிக் குடுங்க” என்றாள். கேட்டது நியாயம் என்று எனக்குப் பட்டதால் அங்கேயே கணக்குப் பார்த்தேன். ஒன்பது வருஷம், வருஷத்துக்கு இருநூற்று நாற்பது நடை. இரண்டாயிரத்து நூற்று அறுபது பிடி. அவன் கைக்கு இருபது பிடியில் படி நிறையும். ஆகவே நூற்றெட்டுப் படி. அவளுக்கும் குழந்தைக்கும் பதின்மூன்றரை மாதம் வரும்.

மரைக்காயர் கெட்டவர் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார்: “குதிருல யாரு அரிசியும் தங்குறதில்லை, தாயி. அந்தந்த மாசம் போட்டது அந்தந்த மாசமே சாப்பிட்டாச்சு.” அஞ்சலை வரிசையில் நின்ற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். “யாரு துன்னது?” என்று கேட்டாள். எல்லோரும் கூடையைப் பார்த்தார்கள். ஓலையில் முதல் பெயர் குப்பம்மாவுடையது. நான் வேலைக்கு வருவதற்கு முன்பே புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள். அவள் மட்டும் தலை நிமிர்ந்தாள். “நாந்தான்டி துன்னேன். நல்ல அரிசி.”

இருமல்

அந்த மழைக்காலம் குப்பம்மாவுக்கு இருமல் கண்டது. அதுவரை அவளை ஏறெடுத்துப் பார்க்காதவர்களெல்லாம் என்னிடம் வந்து அவள் உடம்பை விசாரித்தார்கள். அஞ்சலைக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் காத்திருந்தார்கள். மூன்று பேருக்கும் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். “கெழவி எப்படியிருக்கா?” என்பார்கள். “பரவாயில்லை” என்றால் முகம் விழுந்துவிடும். நான் யோக்கியன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். இரவு அவள் குடிசைப் பக்கம் இருமல் கேட்டால் நானும் எண்ணினேன். ஒருத்தி போனால் போதாது, இன்னொருத்தியும் போக வேண்டும். அது யாராக இருக்கும் என்றுகூட ஓலையை மனசுக்குள் புரட்டியிருக்கிறேன்.

இதெல்லாம் அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அடுத்த அளவு நாளில் ஒரு கொம்பை ஊன்றிக்கொண்டு முதல் ஆளாக வந்து கூடையை நீட்டினாள். “இன்னாப்பா அளவுகாரா, இந்த மாசமும் உசிரோட வந்துட்டேன், எல்லாரும் மன்னிச்சுக்குங்கோ.”

ஒரே அடுப்பு

அதற்கடுத்த மாதம் குப்பம்மாவின் கூடையை அஞ்சலை தூக்கிக்கொண்டு போனாள். நான் பார்க்காமல் இருந்திருக்கலாம். “எங்கே போகிறது?” என்று கேட்டுவிட்டேன். குப்பம்மா சந்தோஷமாகச் சொன்னாள். தன் குடிசையை விட்டு அஞ்சலை வீட்டுக்கே போய்விட்டாளாம். இரண்டு அடுப்புக்கு இரண்டு மடங்கு விறகு. ஒரே அடுப்பானால் எட்டுப் படியில் மூன்று வயிறும் கஞ்சியாக ஓட்டிவிடலாம். எல்லப்பன் போட்ட அரிசியைத் தின்றவள் அவன் குழந்தைக்கு ஊட்டுகிறாள், அவ்வளவுதான். பழுதில்லாத கணக்கு.

ஆனால் குதிருக்கு இன்னொரு கட்டுப்பாடு உண்டு. தனி அடுப்பு வைத்திருப்பவருக்குத்தான் அரிசி. வேறொருவர் அடுப்பில் சேர்ந்துவிட்டால், அவரைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு மாதமும் பெயருக்கு எதிரே அடுப்பைக் குறிக்க வேண்டியவன் நான். பொய் எழுத என் கை வரவில்லை. கண்டதை எழுதினேன். மரைக்காயர் ஓலையை வாங்கிப் படித்துவிட்டு, என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, குப்பம்மா பெயரை அடித்தார்.

அப்படியானால் ஒரு இடம் காலியாயிற்றே என்று நான் கேட்டேன். “செத்தால்தானே காலி? இது நீங்கினது” என்றார். கட்டுப்பாட்டின் வாசகம் அப்படித்தான் இருந்தது. அதை எழுதியவனும் நான்தான்.

செய்தியைச் சொல்லப் போனேன். குப்பம்மா அழவுமில்லை, ஏசவுமில்லை. விரல்களை மடக்கி எதையோ கூட்டினாள். “எனக்கு எட்டு, இவளுக்கு எட்டு, பதினாறு. உனக்கு மாசக் கூலி எத்தினி படி, அளவுகாரா?”

விட்டுப்போன வரி

பதினாறு படி. அதே குதிரிலிருந்து, அதே அடிவாயில், அளவு நாளன்று எல்லோருக்கும் முன்னால் எனக்கு நானே அளந்துகொள்வேன். இருபத்தாறு வருஷமாக அது ஓலையில் ஏறவில்லை. கூட்டத்தில் எழுந்து நின்று இருநூற்று நாற்பத்தெட்டு என்று சொன்னபோதும் என் பதினாறை நான் சேர்க்கவில்லை. மறைக்க நினைக்கவில்லை. அது நினைவுக்கே வரவில்லை. அதுதான் இன்னும் மோசம்.

மறுநாள் காலையில் மரைக்காயர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.  என் கூலியில் பாதியைக் குறைத்து அஞ்சலை பெயரை ஏற்றிவிடலாம் என்றேன். தாடியைத் தடவினார். ஒருத்தி பெயரை ஏற்றினால் பின்னால் நிற்கும் மூன்று பேருக்கு என்ன சொல்வது என்று கேட்டார்.  பிறகு எனக்கு ஒரு செம்பு மோர் கொண்டுவரச் சொல்லிவிட்டுச் சொன்னார்: “அளக்குறவர் கூலியக் கொறைச்சா, நாளைக்கு அளவு கொறையுதுன்னு ஊரு பேசும், பெரியவரே.”

எட்டுப் படி

குப்பம்மா தை மாதம் செத்துப்போனாள். பெயர் முன்பே அடிக்கப்பட்டிருந்ததால் அந்தச் சாவு எந்தக் கணக்கிலும் சேரவில்லை. அஞ்சலை ஏரியில் கிளிஞ்சல் வாரப் போய்க்கொண்டிருந்தாள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று சேற்றை அரித்து, கிளிஞ்சலைக் கூடையில் சுமந்து சுண்ணாம்பு சுடும் காளவாய்க்குக் கொண்டுபோக வேண்டும். குழந்தை கரையில் உட்கார்ந்திருக்கும்.

அந்த மாதக் கூலியை எடுத்துக்கொண்டதும் அதில் எட்டுப் படியைத் தலைதட்டி அளந்து, ஒரு சாக்கில் கட்டி, அவள் வீட்டுக்குக் கொண்டுபோனேன். அப்போதுதான் திரும்பியிருந்தாள். விரல்கள் முழுக்க வெடிப்பு, வெடிப்பில் சுண்ணாம்பு. அடுப்பு மூட்டவில்லை. சாக்கைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. “எம்பேரு ஏறிடுச்சா?” என்றாள்.

இல்லை, இது என் கூலியிலிருந்து என்றேன். மாதா மாதம் கொண்டுவருவேன் என்றும் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் பேசியதே அபூர்வம். அவள் சாக்கின் முடிச்சை அவிழ்த்து, ஒரே ஒரு பிடி அள்ளினாள். குழந்தையின் மடியில் போட்டாள். மறுபடி முடிச்சைப் போட்டு என் பக்கம் தள்ளினாள். அவள் கேட்ட குரலில் கோபம் இல்லை. கணக்குக் கேட்கிற குரல்தான். “சரி அளவுகாரரே, நாளைக்கு நீங்க செத்துப் பூட்டா?”

சாக்கைத் தூக்கிக்கொண்டு திரும்பும் வழியில், வீட்டுக்குக் கொண்டுபோக மனம் வராமல், அதைக் குதிரின் மேல்வாயில் கொட்டினேன். இருபத்தாறு வருஷத்தில் அதற்குள் பிடியாக இல்லாமல் படியாக அளந்து விழுந்த அரிசி அது ஒன்றுதான், அதிலும் ஒரு பிடி குறைவு.