வந்த நாள் கணக்கில் இல்லை

கெடு முடிந்துவிட்டது என்று அடுத்தவரிடம் சொல்லிச் சம்பளம் வாங்குவதுதான், மேல்முறையீட்டு மனு வாங்கும் ஜன்னலில் உட்காருகிறவர் வேலை. தொண்ணூறுகளின் கடைசியில் மதுரையில் ஒரு வருவாய் அலுவலகத்தில் அந்த ஜன்னல் என்னுடையது. நீங்களும் இப்படி ஒரு ஜன்னலுக்கு வெளியே வியர்த்து நின்றிருப்பீர்கள். உள்ளே இருந்தவளுக்கும் ஃபேன் ஓடியதில்லை.

அந்த ஒரு நாள்

உத்தரவு கைக்கு வந்த நாளை விட்டுவிட்டு, மறுநாளிலிருந்து முப்பது நாள் எண்ண வேண்டும். மேலூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர், பட்டாவை ரத்து செய்த உத்தரவோடு பதறிப்போய் வந்தார். கெடு நேற்றே முடிந்தது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். "உத்தரவு வந்த நாள் கணக்குல இல்லைங்கய்யா, இன்னைக்குத்தான் கடைசி நாள்" என்று மனுவை வாங்கி முத்திரை குத்தினேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால் முகம் இன்னும் சுருங்கியது.

"அன்னைக்கு முழுக்க வீட்ல அடுப்பே பத்த வைக்கல தாயி. அதையா கணக்குல இல்லங்கிறீக?"

அழகர் விடுமுறை

சமயநல்லூர் மளிகைக்கடைக்காரருக்கு, கடையை இடிக்கச் சொல்லி உத்தரவு. அழகர் ஆற்றில் இறங்கிய அன்று மனுவோடு வந்து, பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். அந்த உள்ளூர் விடுமுறைக்கு ஈடாக ஒரு சனிக்கிழமையை வேலை நாளாக்கியிருந்தார்கள். அதுவே அவருக்குக் கடைசி நாள். சனிக்கிழமை லீவுதானே என்று நம்பித் திங்களன்று வந்து நின்றார்.

தாமதத்துக்குக் காரணம் எழுதிக் கொடுக்கச் சொன்னேன். பின்னால் அதை ஏற்றுக்கொண்டார்கள், கடையும் பிழைத்தது. ஆனால் அன்றைக்குப் பேனாவைத் திறந்தவர், குரலைத் தணித்துக் கேட்டார்:

"காரணம்னா அழகரைத்தாம்மா எழுதணும். சாமிக்கு நோட்டீஸ் அனுப்பிட மாட்டாகளே?"

சுவர்க் கடிகாரம்

"சுவர்க் கடிகாரம் காட்டுறதுதான் ஆபீஸ் நேரம்" என்பார் எங்கள் கண்காணிப்பாளர். அது முந்தி ஓடிய காலத்தில் எங்கள் அத்தனை பேருக்கும் தாமதக் குறி போட்ட மனிதர். ஒரு மாலை ஐந்தே முக்கால் தாண்டி, பூட்டப்போகும் வேளையில் மிஷன் பள்ளி டீச்சர் ஒருவர் மூச்சிரைக்க வந்தார். வீட்டுமனை ஒதுக்கீட்டை ரத்து செய்திருந்தார்கள். மனுவுக்கு அன்றே கடைசி நாள். பஸ் வழியில் நின்றுவிட்டது.

"நேரம் முடிஞ்சிருச்சும்மா" என்றார் கண்காணிப்பாளர். டீச்சர் அழவில்லை, கெஞ்சவில்லை. சுவரைக் காட்டினார். கடிகாரம் நாலரையில் நின்றுபோயிருந்தது. நாங்கள் எல்லோரும் கண்காணிப்பாளரைப் பார்த்தோம். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, மனுவை வாங்கச் சொல்லி என்னிடம் கையசைத்தார். பூட்டத் தயாராக நின்ற பியூன் சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"அப்ப நாம வீட்டுக்குப் போக இன்னும் நேரம் இருக்குல்ல சார்?"

மொத்தத்தில், நாள் எண்ண யாருக்கும் தெரியும், எந்த நாளை எண்ணக் கூடாது என்று சொல்லத்தான் எங்களுக்குச் சம்பளம்.