மிச்சக் கார்டும் கரும்பும்

என் கைவேலையைப் பார்த்து ஒருவர் அழுதே விட்டார் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அழுதது உண்மை. மற்றதை இப்போதாவது சொல்லிவிட வேண்டும்.

அம்மாவின் தம்பியான என் மாமா பொள்ளாச்சியில் பரிசுப் பொருள் கடை வைத்திருந்தார். பொம்மை, பேனா, போட்டோ சட்டம் எல்லாம் இருந்தாலும் கடைக்குப் பேர் வாங்கித் தந்தவை வாழ்த்துக் கார்டுகள்தான். அதற்குக் காரணம் அத்தை. ஆங்கிலத்தில் பட்டம் வாங்கியவர். கார்டுக்குள் சுழித்துச் சுழித்து அச்சடித்திருக்கும் ஆங்கிலத்தைக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டி, "இது சிநேகிதிக்குக் குடுக்கறதுங்க, இது அதுக்குங் கொஞ்சம் மேலுங்க" என்று பிரித்துக் கொடுப்பார். மாமாவுக்கு அந்த வம்பே கிடையாது. படத்தைப் பார்த்து விலை சொல்வார்.

எல்லோர் கையிலும் செல்போன் வந்ததும் கார்டு வியாபாரம் படுத்துவிட்டது. அத்தை முழுகாமல் இருந்து, ஏழாம் மாதத்தோடு கடைக்கு வருவதை நிறுத்தி ஒரு மாதம் ஆனபோது மாமா ஒரு முடிவுக்கு வந்தார். விற்காத கார்டுகளையெல்லாம் அரிசிச் சாக்கில் அள்ளிக் கட்டி வீட்டில் கொண்டுவந்து போட்டார். அத்தை வராத அந்த மாதத்தில் மொத்த வியாபாரி ஒருவர் மாமாவின் தலையில் கட்டியிருந்த ஒரு கட்டும் அதற்குள் இருந்தது. வெள்ளைக் கார்டு, வெள்ளை லில்லிப் பூ, ஓரத்தில் வெள்ளிக் கோடு. கடையில் இருந்ததிலேயே அழகானவை அவைதான். அதில் ஒன்றுகூட ஏன் போகவில்லை என்று மாமா ரொம்ப நாள் யோசித்திருக்கிறார்.

நாங்கள் மதுக்கரையில் இருந்தோம். நான் நான்காம் வகுப்பு. அரையாண்டு லீவுக்கு அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனபோது அத்தை ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி நான்கு நாள் ஆகியிருந்தது. குழந்தை பிறக்கும்போதே உயிர் இல்லை. என்னிடம், பாப்பா இந்தத் தடவை வரவில்லை என்று மட்டும் சொன்னார்கள். பாப்பா என்பது டவுன் பஸ் மாதிரி, ஒன்றை விட்டால் அடுத்தது வரும் என்று நானும் விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கம் சாவு என்றால் நேரில் போக வேண்டும். எத்தனை தூரமானாலும் போய்க் கையைப் பிடித்து நாலு வார்த்தை துக்கம் கேட்டுவிட்டுத்தான் திரும்புவார்கள். போகாவிட்டால் காலத்துக்கும் சொல்லிக் காட்டுவார்கள். ஆனால் பிறக்கும்போதே போன குழந்தைக்கு யாரும் துக்கம் கேட்பதில்லை. அத்தையைப் பார்க்க வந்தவர்கள் தேங்காய் விலை, மழை, யார் வீட்டிலோ காதுகுத்து என்று பேசினார்கள். கிளம்பும்போது, "உடு அம்மணி, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்றார்கள்.

அத்தை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அழவில்லை, பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டு போனபடியே திரும்பி வந்தது. இப்படியே கிடந்தால் ஆளே மிஞ்ச மாட்டாள் என்று அம்மா சமையலறையில் மாமாவிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. உறவிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தவர் அத்தைதான்.

"அத்தைக்கு ஒரு கார்டு செஞ்சு குடுக்கட்டுங்களா?" என்று மாமாவிடம் கேட்டேன். அவர் சாக்கை அவிழ்த்து என் முன்னால் கொட்டினார்.

"வேணுங்கறதை வெட்டிக்க கண்ணு. எப்படியும் எடைக்குப் போடறதுதான்."

ஒரு பகல் முழுக்க வேலை நடந்தது. பொங்கல் கார்டிலிருந்து கரும்பையும் பானையையும் வெட்டினேன். பிறந்தநாள் கார்டிலிருந்து பலூன், புத்தாண்டுக் கார்டிலிருந்து கடிகாரம். தொட்டில் குழந்தை ஒன்றை வெட்டிக்கொண்டிருந்தபோது அம்மா பார்த்துவிட்டார். கத்தரிக்கோலோடு சேர்த்துப் பிடுங்கினார்.

"பாப்பா படம் ஒண்ணுகூட அத்தை கண்ணுல படக்கூடாது. பாப்பா பேச்சையும் எடுக்கக்கூடாது. தெரிஞ்சுதா?"

குவியலைத் துழாவி, குழந்தை படம் போட்ட கார்டுகளை எல்லாம் பொறுக்கிப் பரண்மேல் ஏற்றினார். நான் செய்து முடித்த கார்டையும் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, சரி என்றார். உள்ளே பிரித்துப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அந்தச் சுழித்த எழுத்து அம்மாவுக்கு ஓடியிருக்காது. எனக்கும்தான் ஓடவில்லை.

வெள்ளைக் கார்டில் ஒன்றைத்தான் அடிக் கார்டாக எடுத்திருந்தேன். லில்லிப் பூவின் இரண்டு பக்கமும் கரும்பு, நடுவில் பானை, பானைக்கு மேலே கடிகாரம். உள்ளே இருந்த ஆங்கிலத்தைத் தொடவில்லை. உள்ளே ஆங்கிலம் இருந்தால்தான் கார்டுக்கு ஒரு கெத்து என்பது என் எண்ணம். எதிர்ப் பக்கத்தில், 'அத்தை, சீக்கிரம் கடைக்கு வாங்க' என்று ஸ்கெட்ச் பேனாவில் எழுதிச் சுற்றிலும் ஜிகினாத் தூள் தூவினேன்.

மறுநாள் மத்தியானம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அத்தை படுத்தபடியே வாங்கி, கரும்பைப் பார்த்தார். கார்டைப் பிரித்தார். பிறகு மெல்ல எழுந்து உட்கார்ந்தார். ஒருமுறை வாசித்தார். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்.

"இதுல போட்டிருக்கறதைப் படிச்சயா கண்ணு?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் இங்கிலீஷ் மீடியம். ஆங்கிலம் படித்த அத்தையிடம் போய்த் தெரியாது என்று எப்படிச் சொல்வது?

"படிச்சனுங்க அத்தை."

"படிச்சுப்போட்டுத்தான் எனக்குன்னு எடுத்தயா?"

"ஆமாங்க. உங்களுக்குன்னுதான் எடுத்தேன்."

அத்தை என்னை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதார். பெரியவர்கள் அப்படி அழுது நான் அதுவரை கேட்டதில்லை. அம்மா ஓடிவந்தார். பாப்பா பேச்சை எடுத்துவிட்டேன் என்று நினைத்து என் தொடையில் கிள்ளினார். பின்னாலேயே வந்த மாமா, அத்தையின் தோளுக்கு மேலாகக் குனிந்து கார்டை எழுத்து எழுத்தாகப் படித்தார். படித்து முடித்ததும் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"அக்கா, இது செத்த ஊட்டுக்கு அனுப்பற கார்டுங்க. ஒங்க குழந்தை போன துக்கத்துல நாங்களும் பங்கு எடுத்துக்கறோம்னு போட்டிருக்குது."

கல்யாணம் காட்சி நடக்க வேண்டிய வீட்டில் இந்தச் சனியனா என்று அம்மா கார்டைப் பிடுங்கக் கையை நீட்டினார். அத்தை அதை நெஞ்சோடு அழுத்திக்கொண்டார்.

"குடுக்கமாட்டேனுங்க அண்ணி" என்றார். கார்டை விடாமலே, "பொறந்தது பொம்பளப் புள்ளைங்க. தலை நெறைய முடி. ஆருமே கேக்கலைங்க" என்றார்.

அம்மாவின் கை அப்படியே நின்றது. பிறகு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். "சொல்லு அம்மணி" என்றார். மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். என்னை வெளியே போகச் சொன்னார்கள்.

கதவுக்குப் பின்னால் பேச்சு பொழுது சாயும் வரைக்கும் நடந்தது. அன்றைக்கு அத்தை அரைத் தட்டு தயிர்ச்சோறு சாப்பிட்டார். கார்டு தப்பான கார்டுதான், ஆனால் கரும்பை அவ்வளவு நேர்த்தியாக வெட்டியதால் சரியாகிவிட்டது என்று நான் முடிவு செய்துகொண்டேன். கிள்ளியதற்கு அம்மா இன்றுவரை ஒன்றும் சொல்லவில்லை.

நான் இப்போது சரவணம்பட்டியில் வேலை பார்க்கிறேன். அத்தைக்கு அதற்கப்புறம் பிறந்த மகன் என்னைவிட உயரமாக வளர்ந்துவிட்டான். விசேஷ வீடுகளில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் அத்தை பக்கத்தில் இருப்பவர்களிடம், "அந்த வயசுலயே படிச்சுப் பாத்து எடுத்துட்டு வந்தாளுங்க" என்று சொல்லிக் கண் கலங்குவார். நானும் தலையாட்டி வைக்கிறேன். படிக்கவில்லை என்று சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

அன்று சாத்திய கதவுக்கு வெளியே நின்றபோது, அத்தை அழுத்திப் பிடித்ததில் ஜிகினா எல்லாம் உதிர்ந்திருக்குமே என்பதுதான் என் கவலை. அந்த வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்த முதல் ஆள் நான்தான் என்பது எனக்குத் தெரியாது.