ராஜபார்ட் மாமாவின் விசாரணை

பலர் அறியாத கலைஞர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுத்து வருகிறேன். அரியம் மாமாவின் பக்கம் மட்டும் பாதியில் நிற்கிறது. நேற்று பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், நகலெடுக்கும் கடையில் யாரோ ஒரு தாளில் முத்திரை குத்தினார்கள். டக்! நகல்களை வாங்காமலே வெளியே வந்துவிட்டேன்.

2010இல் எனக்கு எட்டு வயது. பாரிஸ் புறநகரான ஸ்தேனில் எங்கள் வீட்டில்தான் மாமா தங்கியிருந்தார். ஊரில் வன்னி அரசர்களாகக் கூத்தாடியவர். வெங்காயம் வெட்டும்போதும் நெஞ்சை நிமிர்த்தியே நிற்பார். அகதி விசாரணைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. தன் கதையைப் பிசகாமல் சொல்லிப் பழக, என்னை அதிகாரியாக உட்கார வைத்தார்.

“மெஸ்யூ, நாட்டை விட்டு எப்ப வெளிக்கிட்டனீங்கள்?”

“மாசியிலை... இல்லை, பங்குனியிலை.”

“பிழை! பொய் சொல்லுறீங்கள்!” சீனிப்போத்தலைத் தூக்கி மேசையில் முத்திரைபோலக் குத்தினேன். “உங்களுக்கு வதிவிடக் கார்த் இல்லை. திரும்பிப் போங்கோ!”

சிரிப்பார் என்று பார்த்தேன். மாமா எழுந்து நின்று இரண்டு கைகளையும் கூப்பினார்.

“ஐயா, அனுப்பிப் போடாதேங்கோ. அங்கை என்னைச் சாக்காட்டிப் போடுவாங்கள்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. “மாமா, இது நான். விளையாட்டு, மாமா!”

“ஓம் ஐயா,” என்றார். கூப்பிய கையை அவர் இறக்கவில்லை.