கொளஞ்சியம்மாள் திருப்பி வாங்கிய சத்தியம்

ஜெயங்கொண்டம் பக்கம் பெண்பிள்ளைகள் விடுதி ஒன்றில் கொளஞ்சியம்மாள் பதினெட்டு வருஷமாக வார்டன். அவள் கையிலடித்துச் சத்தியம் செய்தால் மழைகூட நின்று கேட்டுவிட்டுத்தான் பெய்யும். பேனா திருடியவள், சோற்றைக் கொட்டியவள், காதல் கடுதாசி வாங்கியவள் எல்லாரும் அந்த உள்ளங்கையில்தான் ரகசியத்தை இறக்கிவைத்தார்கள். ஒன்றுகூடக் கசிந்ததில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம், துணிக்கொடிக்குப் பின்னால் நின்று ஒன்பதாம் வகுப்பு நர்மதா கேட்டாள். "யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு கையில அடிங்க வார்டன்ம்மா."

அடித்தாள். அப்புறம்தான் அந்தப் பெண் சொன்னாள். லீவுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் சொந்தக்காரன் ஒருவன் தன்னிடம் தப்பாக நடந்துகொள்கிறானாம். காயப்போட்ட சுடிதார்கள் காற்றில் உப்பி, ஆளில்லாத பிள்ளைகளாக ஆடின.

மறுநாள் பெரம்பலூரில் குழந்தைகள் பாதுகாப்புப் பயிற்சி. வார்டன்கள், நர்சுகள், பெண் போலீஸார் என்று நாற்பது பேர். இரவெல்லாம் தூங்காத கொளஞ்சியம்மாளுக்கு, பயிற்சியாளர் வேணி பேசப் பேச, அந்தக் கூடம் மெல்லத் தண்ணீருக்குள் இறங்கியது. அரியலூர் ஒரு காலத்தில் கடலாம்; சுண்ணாம்புக் குழிகளில் இன்றும் கல்லான சங்குகள் கிடக்கின்றன. அந்தக் கடல் வழி விசாரித்துக்கொண்டு பெரம்பலூர் வரைக்கும் வந்துவிட்டது. நாற்காலிக் கால்களுக்கிடையே சங்குகள் நீந்தின. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிள்ளை சுருண்டு படுத்திருந்தது.

"யாருகிட்டயும் சொல்லமாட்டேன்னு மட்டும் வாக்குக் குடுத்துடாதீங்க" என்றது மேலிருந்து வேணியின் குரல். "பதினெட்டு வயசுக்குள்ளன்னா நாம புகார் சொல்லியே ஆகணும். அதுதான் சட்டம்."

கொளஞ்சியம்மாள் எழுந்தே நின்றுவிட்டாள். "ஏற்கெனவே கையில அடிச்சுக் குடுத்துட்டா, மேடம்?"

"இனிமே கிளவுஸ் போட்டுக்குங்கக்கா" என்றாள் ஒரு போலீஸ்காரி. கூடம் சிரித்தது. வேணி சிரிக்கவில்லை. டீ நேரத்தில் தனியே அழைத்துப்போனாள்.

"பிள்ளை இப்ப எங்க இருக்கு?"

"விடுதியிலதான். வெள்ளிக்கிழமை லீவு வுடுறோம், ஊருக்குப் போவணும்."

"அப்ப இன்னிக்கே சொல்லணும்மா. ஆனா மொதல்ல அவகிட்ட சொல்லிட்டுச் செய்யுங்க. ஏன் இத்தனை நாளா சொல்லலன்னு மட்டும் கேட்டுடாதீங்க."

உடனே பஸ் ஏறினாள். சிமெண்டு லாரிகள் கிளப்பிய வெள்ளைப் புழுதிக்குள் பஸ் நீந்திப் போனது.

நர்மதா அதே கொடியடியில் உட்கார்ந்திருந்தாள்.

"தப்புப் பண்ணிட்டேன் பாப்பா. காப்பாத்த முடியாத சத்தியத்தப் பண்ணிட்டேன். இத நான் சொல்லித்தான் ஆவணும்."

"பொய்க்காரி!"

"ஆமா."

தலையைத் தடவப் பழக்கத்தில் நீண்ட கை பாதியில் நின்றது. அதை இழுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். நர்மதா கொடியில் தொங்கிய துப்பட்டா நுனியைப் பிடித்து முறுக்கினாள்.

"யாருகிட்ட சொல்லுவீங்க?"

"பிள்ளைங்களுக்கு உதவுற நம்பர் இருக்கு, ஒண்ணு சைபர் ஒம்பது எட்டு. அதுக்குப் போன் போடுவேன். போலீஸ் அம்மா ஒருத்தங்க யூனிஃபார்ம் இல்லாம வருவாங்க. நீ சொல்ற எடத்துல உக்காந்து பேசலாம். தெரியாதத தெரியலன்னு சொல்லு."

"அம்மாவுக்குத் தெரிஞ்சு என்னைய அடிச்சா?"

"நடுவுல நான் நிக்கிறேன், இது சத்…" வார்த்தையை விழுங்கினாள். "நிப்பேன்."

"வெள்ளிக்கிழமை?"

"லீவுச் சீட்டுல கையெழுத்துப் போடுறது நான்தானே? போட மாட்டேன்."

நர்மதா மூக்கைத் துடைத்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து இடம்விட்டாள்.

"இங்கயே உக்காந்து போன் போடுங்க. நீங்க என்ன சொல்றீங்கன்னு நான் கேக்கணும்."

கொளஞ்சியம்மாள் தரையில் உட்கார்ந்து, ஸ்பீக்கரைத் திறந்துவைத்து, நான்கு எண்களையும் அழுத்தினாள்.