அன்சார் சேரின் கொட்டில் கதவு

மூன்றாம் பாடம் நடந்துகொண்டிருந்தபோது அன்சார் சேரின் மனைவி ஜெஸீமா அழைத்தார். வகுப்பு நேரத்தில் அவர் என்னை ஒருநாளும் அழைத்ததில்லை. "டீச்சர், இவர் கொட்டிலுக்க விழுந்து கிடக்கிறார். கதவைத் தள்ளித் திறந்திட்டம். எழும்புறார் இல்ல" என்றார். பிறகு அழுகைதான் கேட்டது. எங்கள் பள்ளிக்கூடத்துப் புது வாசல் கேற்றை வெல்டிங்கில் ஒட்டி முடிப்பதற்காக அன்சார் சேர் அன்றைக்கு லீவு போட்டிருந்தார்.

அவரைத் தெரிந்தவர்களுக்கு அவர் சித்திர ஆசிரியர் என்பது இரண்டாவதாகத்தான் ஞாபகம் வரும். முதலில் வருவது அந்த மிக் வெல்டிங் மெஷின். மைத்துனர் கட்டாரிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. இதில் குச்சி மாற்றுகிற வேலை இல்லை. உள்ளே சுருளில் இருக்கும் மெல்லிய கம்பியை உருளைகள் தள்ள, அது குழாய் வழியாகக் கைப்பிடியின் முனைக்கு வந்து எரியும். வரவேண்டும். பாதி நாள் வராது, உள்ளேயே சிக்கிக்கொள்ளும். அந்தச் சிக்கை எடுப்பதில்தான் மனிதருக்கு இருந்த சந்தோசம் முழுவதும்.

ஒருமுறை பள்ளிக்கூட முற்றத்தில் மேசைக் கால்களை ஒட்டிக்கொண்டிருந்தார். கம்பி நின்றுவிட்டது. உதவிக்கு நின்ற விளையாட்டு ஆசிரியர் உருளையை இறுக்கப் போனார். அன்சார் சேர் போட்ட சத்தத்தில் வகுப்புகளே எட்டிப் பார்த்தன. "இறுக்காதீங்க! போற வழி அடைச்சிருக்கு. நீங்க பின்னால நிண்டு தள்ளினா அது எங்க போகும்?" சிக்கிய கம்பியை வெட்டி எடுத்தார். முனையைக் கழற்றினார். அதன் சின்னத் துவாரத்தில் உருகிய இரும்பு அடைத்திருந்தது. வேறு முனை போட்டு, குழாயை நிலத்தில் நேராகக் கிடத்தி, கம்பி வெளியே எட்டிப் பார்க்கும் வரை விசையை அழுத்திப் பிடித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "கணக்கு டீச்சருக்கு விளங்கும். விடை பிழைச்சா கடைசி வரியைத் திருத்துறதில்ல. எங்க பிழைச்சதெண்டு தேடோணும்."

இப்படித் தேடத் தெரிந்த மனிதர் தன் விசயத்தில் தேடாமல் போனாரே என்றுதான் எனக்குக் கோபம். துக்கத்தைவிடக் கோபம்தான் அதிகம். அதை மறைக்க நான் விரும்பவில்லை.

தென்மேற்கிலிருந்து அள்ளி வீசும் கச்சான் காற்றில் இந்த மெஷினால் வேலை செய்ய ஏலாது. எரிகிற இடத்தைச் சுற்றி மூடிக் காக்க, சிலிண்டரிலிருந்து கேஸ் வரும். காற்று அதை அள்ளிக்கொண்டு போனால் ஒட்டு முழுவதும் ஓட்டை ஓட்டையாக, அப்பத்தின் நடுப்பகுதிபோல வரும். அதனால் கச்சான் தொடங்கியதும் அவர் முற்றத்தை விட்டுத் தகரக் கொட்டிலுக்குள் போய்விடுவார். கதவைத் தானே செய்தார். விளிம்பெல்லாம் ரப்பர் பட்டி ஒட்டி, சாத்தினால் சத்தம்கூட வெளியே வராதபடி செய்திருந்தார்.

"மூச்சு முட்டாதா சேர்?" என்று கேட்டேன்.

"இரும்புக்குத்தான் டீச்சர் காத்து ஆகாது. மனுசன் கொஞ்சம் பொறுக்கலாம்."

அவர் இறந்த அந்த மாதத்தில் அடிக்கடி தலையிடி என்றார். ஆசிரியர் அறையில் கண்ணை மூடிக்கொண்டு இருப்பார். தேத்தண்ணி போதாது என்று தானே மருந்தும் சொல்லிக்கொள்வார். வீட்டுப் பூனைக்குட்டி ஒன்று சிலிண்டருக்குப் பக்கத்தில் விறைத்துக் கிடந்ததாம். பாம்பு தீண்டியிருக்கும் என்று புதைத்துவிட்டார்கள்.

மரண விசாரணை முடிந்து மறுநாள் ஜனாஸாவை அடக்கத்துக்காகக் கிண்ணியாவுக்குக் கொண்டுபோன பிறகு, ஜெஸீமா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு விசயம் சொன்னார்.

"இவர் விழுந்ததுக்கு முதல் நாள் கரண்ட் போச்சு டீச்சர். மெஷினுக்க கம்பி சிக்கிட்டெண்டு மெழுகுதிரி கேட்டார். நிலத்தில வெச்சா அணையுது. மேசையில வெச்சா எரியுது. கீழால காத்து வருதெண்டு சொன்னார். நான்தான் சாக்குக் கொண்டுபோய்க் கதவுக்குக் கீழ அடைச்சன்."

காற்று வந்ததால் அல்ல, காற்று இல்லாததால்தான் அந்தத் திரி அணைந்தது. சிக்கெடுக்கக் குழாயை இழுத்து இழுத்து நேராக்கியதில் கேஸ் பொருத்து இளகிவிட்டதாம். விசாரணைக்கு வந்தவர் சொன்னார். அந்தக் கேஸ் காற்றைவிடப் பாரமானது, கீழேதான் தேங்கும். அவரும் மெஷினுக்குப் பக்கத்தில் முழந்தாளில் குனிந்துதான் இருந்திருக்கிறார். "நீங்க அடைக்காட்டி அவரே அடைச்சிருப்பார்" என்று ஜெஸீமாவிடம் சொன்னேன். உண்மையும் அதுதான்.

கேற் பாதியில் நின்றது. காக்கா ஏற்ற வேலை, கூடப்பிறந்த நான்தான் முடிப்பேன் என்று அவருடைய தம்பி ரியாஸ் வந்து நின்றான். பொருத்தைச் சரிசெய்துவிட்டானாம், இனிப் பயமில்லையாம். கணவன் இறந்தபின் வீட்டோடு இருக்கும் இத்தாவில் ஜெஸீமா இருந்தார். வெளியே வந்து மைத்துனனுக்கு முன்னால் நிற்க முடியாது. என்னைக் கூப்பிட்டு, "நீங்க போய்ப் பாருங்க டீச்சர், கதவு திறந்திருக்கா எண்டு. இன்னொருத்தரையும் என்னால குடுக்க ஏலாது" என்றார்.

நான் கொட்டில் வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். கச்சான் என் சேலையைப் பிய்த்தது.

"சாத்துங்க டீச்சர், கேஸெல்லாம் போகுது!"

"போகட்டும் தம்பி."

"ஒட்டு பழுதாப் போகும்."

"போகட்டும்."

முணுமுணுத்துக்கொண்டு ஒட்டினான். கீழ்ச் சட்டம் முழுவதும் ஓட்டை. பின்னேர வகுப்பு இருந்ததால் நான் எழும்ப வேண்டியிருந்தது. கதவைச் சாத்தக்கூடாது என்று சொன்னேன். "ஓம் டீச்சர்" என்று தலையாட்டினான்.

மறுநாள் கேற்றைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கையால் தடவிப் பார்த்தேன். கீழ்ச் சட்டம் சொரசொரவென்றிருந்தது. மேல் சட்டம் வழவழவென்றிருந்தது. அன்சார் சேர் ஒட்டியதுபோல அவ்வளவு வடிவு.

"இது எப்பிடித் தம்பி இவ்வளவு நல்லா வந்தது?"

"பின்னேரம் காத்து கொஞ்சம் குறைஞ்சது டீச்சர்." அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பின்னேரம் எங்கள் வகுப்புக் கூரையில் இரண்டு தகரம் பறந்திருந்தது.

பள்ளிக்கூடம் விட்டதும் ஆட்டோவோடு ஜெஸீமா வீட்டுக்குப் போனேன். ஆட்டோக்காரர் நின்றதால் யன்னலுக்கு அந்தப் பக்கம் நின்று நான் சொல்வதைக் கேட்டார். "கதவைக் கழட்டிக் கொண்டு போங்க" என்றார். கீல்களைக் கழற்றி, ஆட்டோவின் மேல் கட்டி, லிங்கநகரில் என் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அன்சார் சேரின் ஞாபகமாக என்னிடம் இருப்பது அந்தக் கதவுதான். என் குசினிச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. அருமையான வேலை, ஓர் இடத்தில்கூட ஒட்டு பிசகவில்லை. ரியாஸ் இரண்டு தரம் வந்து கேட்டுவிட்டான். இன்னும் கச்சான் ஓயவில்லை. நான் கொடுக்கவில்லை.