உத்திரத்துக்கு ஐந்து சொற்கள்

அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். செக்காலையில் இருக்கும் எங்கள் வீட்டில் கழிப்பறையோடு சேர்ந்த அறை ஒன்றுதான். அதில் அவளைத் தங்கவைத்தோம். மழை விட்ட பிறகுதான், கட்டிலுக்கு நேர் மேலே போகும் தேக்கு உத்திரத்தில் விரிசலைப் பார்த்தேன். மராமத்தில் இறங்கினால் தூசியும் சத்தமுமாக இருக்கும். பிள்ளை பிறக்கும்வரை தாங்குமா என்பதுதான் அப்பாவின் கேள்வி.

எனக்கு இது வேலையில் பழகிய கணக்கு. எண்ணில் சொல்ல முடியாததை வல்லுநர்கள் பலரிடம் சொல்லில் கேட்டு, அவரவர் அனுபவத்துக்கேற்ப எடை கொடுத்து ஒன்றாக்குவது. ஐந்து சொற்கள் வைத்தேன்: மிக உறுதி, உறுதி, சுமார், பலவீனம், அபாயம். விரிசல், ஈரம், மேல் பாரம் மூன்றுக்கும் தனித்தனியே ஒரு சொல் சொல்ல வேண்டும். தேவகோட்டையிலிருந்து இன்ஜினியர் வந்தார். கொத்தனாரும் ஆசாரியும் உள்ளூர்க்காரர்கள். பரீட்சை வைக்கிறியா ஆத்தா என்று ஆசாரி சிரித்தார். ஒருவர்கூட ‘சுமாரு’க்குக் கீழே இறங்கவில்லை. அப்பாவுக்கு நிம்மதி.

எனக்கு அந்த ஒற்றுமைதான் உறுத்தியது. ஏணி போட்டு ஏறிப் பார்த்தபோது விரிசலில் என் விரல் நுழைந்தது. யோசித்தபோது, பதில் சொன்ன நேரத்தில் மூவருமே உத்திரத்தைப் பார்க்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்தார்கள்.

ஆசாரிக்குப் போன் செய்தேன். “உறுதின்னுதானே சொன்னீக?”

“வாயும் வயிறுமா ஒரு பிள்ளை உக்காந்திருக்கு. அது காதுபட அபாயம்னு எப்படி ஆத்தா சொல்ல?”

“இப்ப அவ பக்கத்துல இல்ல.”

“வேற அறைக்கு மாத்திருங்க. இன்னைக்கே.”

கொத்தனாரும் அதையே சொன்னார். அப்பாவிடம் தனியாகப் பேசலாம் என்று இருந்ததாக இன்ஜினியர் சொன்னார். யார் சொன்னார் என்பதற்கு என் கணக்கில் எடை இருந்தது. யார் முன்னால் சொன்னார் என்பதற்கு இல்லை.

முன்னறையில் வேறு கட்டில் போட்டோம். அங்கிருந்து கழிப்பறைக்கு அவள் ஒவ்வொரு தடவையும் முற்றத்தைத் தாண்டிப் போக வேண்டும். எதுக்கு இப்ப மாத்துறீங்க என்று கேட்டாள். காரணங்கள் எனக்குள் வரிசையாக நின்றன.

“அங்குட்டு காத்து நல்லா வரும்” என்றேன்.

முன்னறை ஜன்னல் திறந்து வருஷக்கணக்காகிறது என்பது அவளுக்கும் தெரியும். அண்ணாந்து ஒருமுறை உத்திரத்தைப் பார்த்தாள். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.